மெதுவடையின் ஓட்டையும் 29சி பஸ்ஸும்: ‘எது இருக்கிறது’ என்று ஆராய்வதே வேலையாக இருப்பவர்கள்

மெட்டாபிசிக்ஸ் என்று யூடியூபில் தேடினால் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை. சக்கரம், அதிர்வலை, நினைத்ததை நடத்திக்காட்டும் ரகசியம், நடுவில் ஒருவர் குவாண்டம் என்ற சொல்லைக் கை போன போக்கில் தூவிக்கொண்டிருப்பார். இதனால் என்ன ஆகிறது என்றால், ஒரு பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறையில் உட்கார்ந்து மெட்டாபிசிக்ஸில் ஆராய்ச்சி செய்கிற ஒருவரைப் பற்றி மயிலாப்பூரில் ஒரு கல்யாணப் பந்தியில் பேச்சு வந்தால், பக்கத்து இலைக்காரர் மூன்றில் ஒன்றைக் கேட்பார்: ஜோசியமா? அத்வைதமா? அதுல வேலை கிடைக்குமா? ஜோசியம் இல்லை. அத்வைதம் அதற்குள் வரும், ஆனால் அது மட்டும் இல்லை. மூன்றாவதுதான் உருப்படியான கேள்வி, அதற்கும் கீழே பதில் இருக்கிறது.

முதலில் இரண்டு பெயர்களைத் தெரிந்துகொள்வோம். மெட்டாபிசிக்ஸைத் தமிழில் மெய்ப்பொருளியல் என்கிறோம். உலகம் அடிப்படையில் எப்படி அமைந்திருக்கிறது, காலம் என்பது என்ன, ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாவது எப்படி, நேற்று இருந்த நானும் இன்று இருக்கும் நானும் ஒரே ஆள் என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்றெல்லாம் கேட்கும் துறை அது. அதற்குள் ஒரு பகுதி இருப்பியல்: எந்தெந்த வகைப் பொருள்கள் இருக்கின்றன, எவை இல்லை என்ற விசாரணை. இந்தக் கட்டுரை முழுக்க இருப்பியலைப் பற்றித்தான்.

விஞ்ஞானி பார்த்துச் சொன்னால் முடிந்ததே?

எல்லோரும் முதலில் தடுக்கி விழுகிற இடம் இது. எது இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் விஞ்ஞானம் இருக்கிறதே, இவர் எதற்கு?

ஹிக்ஸ் போசான் என்ற துகள் இருக்க வேண்டும் என்று 1964-இல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள், 2012-இல் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் கண்டுபிடித்தார்கள். அதுவும் ‘இருக்கிறதா’ என்ற கேள்விதான், அதற்கு ஒரு ராட்சத இயந்திரம் பதில் சொன்னது. இந்த வருடம் பெசன்ட் நகர் கடற்கரையில் ஆமை முட்டை இருக்கிறதா என்றால் அதிகாலையில் நடந்துபோய்ப் பார்த்துச் சொல்லிவிடலாம். இந்த மாதிரிக் கேள்விகளில் தத்துவக்காரர் தலையிடுவதே இல்லை. தலையிட்டால் அவர் மோசமான தத்துவக்காரர் என்று அர்த்தம்.

அவருடைய கேள்வி வேறு வகை. பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தாகிவிட்டது, அளக்க வேண்டியதையெல்லாம் அளந்தாகிவிட்டது, தகவலில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை, ஆனாலும் ‘அப்போது அது இருக்கிறதா இல்லையா’ என்பதில் இருவர் முட்டிக்கொள்கிறார்கள் என்றால், அங்கேதான் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார். கேட்க விசித்திரமாக இருக்கும். எல்லாத் தகவலும் தெரிந்த பிறகு சண்டை போட என்ன மிச்சம்? ஒரு வடையை எடுத்துக்கொள்வோம்.

ஓட்டை எதனால் ஆனது?

ஓட்டலில் மெதுவடை போடுகிறவரைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கையை நனைத்துக்கொண்டு, உளுந்து மாவில் ஓர் உருண்டை எடுத்து, உள்ளங்கையில் லேசாகத் தட்டி, கட்டை விரலால் நடுவில் ஒரு குத்து, அப்படியே எண்ணெயில் நழுவ விடுவார். அந்தக் குத்து அழகுக்காக இல்லை. அது இல்லையென்றால் ஓரம் சிவந்த பிறகும் நடுப்பகுதி மாவாகவே நிற்கும். நடுவிலும் எண்ணெய் புகுந்து வருவதால்தான் வடை ஒரே சீராக வேகிறது. ஆக, ஓட்டை ஒரு வேலை செய்கிறது. சும்மா பேச்சுக்குச் சொல்கிற சமாசாரம் இல்லை.

இப்போது சொல்லுங்கள், அந்த ஓட்டை எதனால் ஆனது? உளுந்தால் அல்ல, உளுந்து இல்லாத இடத்தைத்தானே ஓட்டை என்கிறோம். உள்ளே இருக்கும் காற்றா? வடையைச் சாம்பாரில் போட்டால் காற்று போய்ச் சாம்பார் வந்துவிடுகிறது, ஓட்டை அதே ஓட்டைதான். சரி, அந்த வெற்றிடமா? தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனால் பழைய இடம் பின்னாலேயே நின்றுவிடுகிறது, ஓட்டையோ கூடவே வருகிறது. வடையைத் தின்று முடித்ததும் ஓட்டை எங்கே போனது? நீங்கள் அதைத் தின்னவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

சிரிப்பாக இருக்கும். ஆனால் டேவிட் லூயிஸ் என்ற அமெரிக்கத் தத்துவக்காரரும் அவர் மனைவி ஸ்டெஃபனியும் சேர்ந்து 1970-இல் ஓட்டைகளைப் பற்றி ஓர் உரையாடல் எழுதி ஆய்விதழில் வெளியிட்டார்கள், அது இன்றும் வகுப்புகளில் படிக்கப்படுகிறது. அதில் வடைக்குப் பதில் பாலாடைக்கட்டி. ஒருவர், சடப்பொருளைத் தவிர உலகில் ஒன்றுமே இல்லை என்கிறவர். மற்றவர், அப்படியானால் இந்தக் கட்டியில் ஓட்டைகள் இருக்கின்றனவே, அவை என்ன என்று மடக்குகிறார். ‘ஓட்டை என்று தனியாக ஒன்றும் இல்லை, கட்டி ஓட்டையாக இருக்கிறது, அவ்வளவுதான், அது கட்டியின் வடிவம்’ என்று முதலாமவர் நழுவப் பார்க்கிறார். நமக்கும் முதலில் தோன்றுவது இதுதான், இல்லையா?

ஆனால் எண்ண ஆரம்பித்தால் இந்தப் பதில் ஆட்டம் காண்கிறது. வடைக்காவது ஒரே ஓட்டை, வடையை எண்ணித் தப்பித்துவிடலாம். வடையை எடுக்கும் ஜல்லிக் கரண்டி? ‘இந்தக் கரண்டியிலும் அந்தக் கரண்டியிலும் சம எண்ணிக்கையில் ஓட்டைகள் உள்ளன’ என்கிறோம், அது உண்மையாகவும் இருக்கலாம். ஓட்டைகளே இல்லையென்றால் நாம் எண்ணியது எதை? அந்த உரையாடலில் முதலாமவர் வேறு வழியில்லாமல் ஒரு துணிச்சலான பதிலுக்குத் தாவுகிறார்: ஓட்டையைச் சுற்றி ஒட்டியிருக்கும் அந்த உட்புறப் பட்டைதான் ஓட்டை. நம் கணக்கில், மொறுமொறுவென்று சிவந்த அந்த உள்விளிம்புதான் ஓட்டை, ஆகவே ஓட்டையும் உளுந்துதான்! அவருடைய கொள்கை பிழைத்தது. ஆனால் பட்டை ஓட்டையைச் சுற்றியிருக்கிறது என்று எல்லோரும் சொல்வோமே, இப்போது பட்டையே ஓட்டை என்றால் அது தன்னைத் தானே சுற்றிக்கொண்டிருக்கிறது என்று ஆகிறது. கடைசியில் இருவரும் வந்து நிற்கும் இடம், இந்தக் கொள்கைக்கு இந்த விலை கட்டுப்படியாகுமா என்பதுதான்.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது இது. சண்டை வடையைப் பற்றிய தகவலில் இல்லை. நாம் தினமும் சாதாரணமாகச் சொல்கிற விஷயங்கள் உண்மையாக இருக்க வேண்டுமானால், உலகில் என்னென்ன இருந்தாக வேண்டும் என்பதில்தான் சண்டை.

ரேஷன் கார்டில் எத்தனை பெயர்?

இதற்கு ஒரு முறையை வகுத்துக் கொடுத்தவர் ஹார்வர்டில் இருந்த டபிள்யூ. வி. குவைன். 1948-இல் வந்த அவருடைய சின்னக் கட்டுரை ஒன்றுதான் இன்றைய இருப்பியலாளர்கள் பலருக்கும் புறப்படும் இடம்.

ரேஷன் கார்டை நினைத்துக்கொள்ளுங்கள். கார்டில் உள்ள பெயர்களுக்குத் தகுந்த அரிசி. வீட்டில் நாலு பேர்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஐந்து பேருக்கான அரிசியைக் கேட்க முடியாது. அரிசி வேண்டுமா, பெயரைச் சேர். பெயரைச் சேர்க்க மனசில்லையா, அரிசியை விடு. குவைன் சொல்வதும் இதுதான். நீங்கள் உண்மை என்று நம்பும் கொள்கைகளை எடுத்து, பேச்சு வழக்கின் வளைவு நெளிவுகளை நீக்கி, தர்க்க மொழியில் தெளிவாக எழுதுங்கள். ‘இப்படிப்பட்ட ஒன்று உண்டு’ என்று அதில் எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் ஒரு பெயரைக் கார்டில் சேர்த்துவிட்டீர்கள். கொள்கையின் பலனை அனுபவித்துக்கொண்டே ‘அதெல்லாம் இல்லைங்க’ என்று பின்னால் மறுக்க முடியாது. ஒரு கொள்கை இப்படி நம்மை எதையெதை ஒப்புக்கொள்ள வைக்கிறதோ, அதற்கு இருப்புக் கடப்பாடு என்று பெயர்.

எண்களை எடுத்துக்கொண்டால் இது எவ்வளவு தீவிரமான விஷயம் என்று புரியும். 8-க்கும் 12-க்கும் இடையே ஒரு பகா எண் உண்டு. உண்மைதான், 11. அப்படியானால் எண்கள் உண்டா? எங்கே? 11 என்ற எண் எந்த ஊரில் இருக்கிறது, எப்போது பிறந்தது? காகிதத்தில் எழுதிய குறி இல்லை அது, காகிதத்தைக் கிழித்தாலும் 11 கிழிவதில்லை. எண்ணெல்லாம் மனக்கற்பனை என்று தோளைக் குலுக்கலாம்தான், ஆனால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விடுகிறவர்கள் போடும் ஒவ்வொரு கணக்கும் எண்களை நம்பித்தான் நடக்கிறது. அந்தக் கணக்கை உண்மை என்று ஏற்றுக்கொண்டு எண்களை மட்டும் இல்லை என்பது நேர்மையா என்று குவைனும், அவருக்குப் பின் ஹிலரி புட்னமும் கேட்டார்கள். குவைனுக்கு இடத்திலும் காலத்திலும் இல்லாத பொருள்கள் மேல் பிரியமே கிடையாது. அப்படிப்பட்டவர் வேண்டா வெறுப்பாகத்தான் கணிதப் பொருள்களைக் கார்டில் சேர்த்துக்கொண்டார். எனக்கு அவரிடம் பிடித்ததே இதுதான்.

பெயரை அடிப்பதற்கும் வழி உண்டு

ஒரு விஷயத்தைப் பேசிவிட்டோம் என்பதற்காக எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ‘சராசரிக் குடும்பத்துக்கு ஒன்றே முக்கால் குழந்தை’ என்று பேப்பரில் போட்டால், முக்கால் குழந்தையோடு ஒரு குடும்பம் எங்கோ இருக்கிறது என்று யாரும் தேடிப் போவதில்லை. மொத்தக் குழந்தைகளை மொத்தக் குடும்பங்களால் வகுத்தால் இவ்வளவு வருகிறது என்று அதையே வேறு மாதிரி சொல்லிவிடலாம், அதில் சராசரிக் குடும்பம் என்ற ஆளே இல்லை. இப்படி ஒரு பொருளின் பெயரே வராமல் அதே உண்மையைத் திருப்பிச் சொல்வதை மாற்றுரை என்பார்கள். ஓட்டை உரையாடலில் முதலாமவர் ‘கட்டி ஓட்டையாக இருக்கிறது’ என்று முயன்றது மாற்றுரைதான், எண்ணும்போதுதான் அது அவரைக் கைவிட்டது.

மாற்றுரையில் பெரிய சாதனை என்றால் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1905-இல் செய்தது. ‘இன்றைய பிரான்ஸ் மன்னர் வழுக்கைத் தலையர்’ என்பது அவர் உதாரணம். நமக்கு வசதியாக இன்றைய சோழ மன்னர் என்று வைத்துக்கொள்வோம். அப்படி ஒருவர் இல்லை. இல்லாத ஒருவரைப் பற்றி எப்படி அர்த்தத்தோடு பேசுகிறோம்? ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்துப் பேராசிரியர் மைனாங், இல்லாத பொருள்களும் ஏதோ ஒரு விதத்தில் பொருள்கள்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரஸ்ஸல் அதைப் பிரித்துப் போட்டார்: ‘இன்று சோழ மன்னராக இருப்பவர் ஒருவர் உண்டு, ஒருவர் மட்டுமே உண்டு, அவருக்கு வழுக்கை’. இதில் முதல் பகுதியே பொய், ஆகவே முழுவதும் பொய், இல்லாத மன்னர் யாரும் எங்கும் தேவைப்படவில்லை. அவ்வளவு சுலபமாகத் தீர்ந்துவிட்டது.

எண்களுக்கும் இதே மாதிரி செய்ய முடியுமா? ஹார்ட்ரி ஃபீல்டு 1980-இல் முயன்றார். நியூட்டனின் ஈர்ப்புக் கொள்கையை எண்களே இல்லாமல் எழுதிக்காட்டுவது என்று கிளம்பி, அதற்கு ஒரு புத்தகமே தேவைப்பட்டது. குவாண்டம் இயற்பியல் வரைக்கும் அது செல்லுபடியாகுமா என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். கணக்கு டீச்சர் மேல் இருந்த கோபத்தில் எண்ணே இல்லை என்று சொல்கிற நம் நண்பர்கள் இந்த உழைப்பைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

சேர்ந்தால் ஒன்றாகுமா?

பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ஓடும் 29சி-யில் ஏறாத சென்னைக்காரர் குறைவு. ஏறியது எதில்? இன்று வந்த வண்டி நாளை டிப்போவில் நிற்கும், வேறு வண்டி அந்த எண்ணை மாட்டிக்கொண்டு வரும். ஓட்டுநர், நடத்துநர் மாறுகிறார்கள், வண்டியின் நிறமே மாறியிருக்கிறது. ஆனாலும் ‘பல வருஷமா 29சி-லதான் ஆபீஸ் போறேன்’ என்பது உண்மை. தனித்தனி வண்டிகள், சாலை, நிறுத்தங்கள், கால அட்டவணை, இவ்வளவுக்கும் மேலே 29சி என்று இன்னொன்று இருக்கிறதா, அல்லது இவற்றைச் சேர்த்துச் சொல்கிற பேச்சுதானா?

வண்டித் தடத்தில் இந்தச் சந்தேகம் வந்தால் யாரும் அலட்டிக்கொள்ள மாட்டார்கள். பீட்டர் வான் இன்வேகன் 1990-இல் அதையே மேஜை நாற்காலிக்கும் கேட்டார். பல பொருள்கள் சேர்ந்து எப்போது ஒரே பொருளாகின்றன? ஒன்றையொன்று தொட்டால் போதுமா? தி. நகரில் இரண்டு பேர் கை குலுக்கினால் மூன்றாவதாக ஒரு பொருள் பிறப்பதில்லை. ஒட்டிக்கொண்டால்? குலுக்கிய கைகளைப் பசை போட்டு ஒட்டினாலும் இரண்டு பேர் அவதிப்படுவார்களே தவிர, புதிதாக ஒன்றும் வந்துவிடாது. இப்படி ஒவ்வொரு பதிலையும் தட்டிவிட்டுக்கொண்டே போய் அவர் வந்து சேர்ந்த முடிவு, துகள்கள் சேர்ந்து ஓர் உயிரின் இயக்கமாக ஆகும்போது மட்டுமே ஒன்றாகின்றன என்பது. பூனை உண்டு, நீங்கள் உண்டு, மேஜை இல்லை. மேஜை இருப்பதாக நாம் நினைக்கும் இடத்தில் மேஜை வடிவில் அடுக்கப்பட்ட துகள்கள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

நேர் எதிர்ப்பக்கம் டேவிட் லூயிஸ். அவருக்கு எதையும் எதையும் சேர்த்தால் ஒரு பொருள்தான். உங்கள் இடது செருப்பும் அண்ணா சாலை எல்ஐசி கட்டடமும் சேர்ந்து ஒரு பொருள்; நாம் அதற்குப் பெயர் வைக்கவில்லை, தேவைப்படவில்லை. இரண்டுமே அபத்தம், நடுவில் நியாயமாக ஒரு கோடு போட வேண்டியதுதானே என்று தோன்றும். போட்டுப் பாருங்கள். ஒரு கட்டடத்தை இடிக்கும்போது எத்தனையாவது செங்கல்லில் கட்டடம் இல்லாமல் போகிறது? கோட்டை எங்கே போட்டாலும் ‘ஏன் அங்கே?’ என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. அந்தச் சங்கடத்துக்குப் பயந்துதான் இருவரும் இரண்டு ஓரங்களுக்கு ஓடினார்கள்.

ஏமி தாமசன் என்பவர் இந்த ஓட்டமே தேவையில்லை என்கிறார். மேஜை என்ற சொல்லை எப்போது பயன்படுத்துவது என்று நமக்கு விதிகள் தெரியும். மேஜை வடிவில் துகள்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன என்று ஒப்புக்கொண்ட பிறகு, அந்த விதிகளின்படி அங்கே மேஜை உண்டு, மேற்கொண்டு கேட்க ஒன்றும் இல்லை. நான் இவர் பக்கம்தான் சாய்கிறேன். ஆனாலும் வான் இன்வேகன் கேட்ட கேள்வி வந்திராவிட்டால் இந்தப் பதிலும் பிறந்திருக்காது.

சுருக்கமாக: ஒரு கொள்கையை எடு, அது எதையெதை ஒப்புக்கொள்ள வைக்கிறது என்று பார், மாற்றுரையால் தவிர்க்க முடிந்ததைத் தவிர், முடியாததற்கு விலை கொடு. குவைன் வழியில் வருகிறவர்களின் முறை இதுதான், வித்தியாசமெல்லாம் எந்த விலையைக் கொடுக்கத் தயார் என்பதில்தான்.

ரொம்பப் பெரிய விலை கொடுத்த ஒருவர்

ஒரு தத்துவக்காரரின் வாழ்க்கை எப்படி நகர்கிறது என்று பார்க்க லூயிஸே நல்ல உதாரணம். 1941-இல் பிறந்தவர். கல்லூரிக்குப் போனது வேதியியல் படிக்க. நடுவில் ஒரு வருடம் ஆக்ஸ்ஃபோர்டில் தங்கி அங்கே தத்துவ வகுப்புகளில் உட்கார்ந்தார், திரும்பி வந்ததும் பாடத்தை மாற்றிவிட்டார். ஹார்வர்டில் குவைனிடமே ஆராய்ச்சி செய்து 1967-இல் முனைவர் பட்டம், கொஞ்ச காலம் லாஸ் ஏஞ்சலீஸ், 1970 முதல் 2001-இல் இறக்கும் வரை பிரின்ஸ்டன். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சம்பவமும் இல்லாத வாழ்க்கை. ரயில் என்றால் பைத்தியம். எழுபதுகளிலிருந்து அடிக்கடி ஆஸ்திரேலியாவுக்குப் போய் அங்கிருந்த தத்துவக்காரர்களோடு வாதாடிவிட்டு வருவார். எதிர்வாதம் யாரிடமிருந்து வந்தாலும் உட்கார்ந்து பதில் கடிதம் எழுதுவார். அந்தக் கடிதங்களிலிருந்து தேர்ந்தெடுத்தவையே 2020-இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வந்திருக்கின்றன.

இந்த அமைதியான மனிதர் சொன்னதுதான் இருபதாம் நூற்றாண்டு இருப்பியலில் அதிகம் அதிர்ச்சி தந்த கருத்து. ‘நேற்று மழை பெய்திருந்தால் சேப்பாக்கத்தில் மேட்ச் நடந்திருக்காது’ என்கிறோம். இது உண்மை. ஆனால் மழை பெய்யவில்லையே, பெய்யாத மழையைப் பற்றிய வாக்கியத்தை உண்மையாக்குவது எது? உலகம் இருந்திருக்கக்கூடிய ஒவ்வொரு விதத்தையும் சாத்திய உலகம் என்று அழைத்தால் இத்தகைய வாக்கியங்களை அழகாக விளக்கிவிடலாம்: நம் உலகத்தைப் போலவே இருந்து, மழை மட்டும் பெய்த உலகங்களில் மேட்ச் நடக்கவில்லை. இந்த அளவுக்குப் பலரும் தலையாட்டுவார்கள், அதையெல்லாம் வெறும் கணக்குக் கருவி என்று எடுத்துக்கொண்டு. லூயிஸ் 1986-இல் தன் புத்தகத்தில் அந்த உலகங்கள் எல்லாம் நிஜம் என்றார், இந்த உலகம் எப்படி நிஜமோ அப்படியே. அங்கே நிஜமான மண், நிஜமான மழை, நிஜமாகவே ஏமாந்து திரும்பிய ரசிகர்கள். நாம் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

சினிமாவில் வரும் மல்டிவர்ஸோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. லூயிஸின் உலகங்களுக்கு இடையே போக்குவரத்து கிடையாது, தூரம்கூடக் கிடையாது. இயற்பியலில் சொல்லப்படும் பல உலகக் கருத்தும் வேறு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குவைன் அந்த 1948 கட்டுரையிலேயே ‘இருந்திருக்கக்கூடிய’ ஆட்களை வைத்துக் கிண்டல் செய்திருந்தார்: அந்த வாசலில் நின்றிருக்கக்கூடிய குண்டு மனிதரும், நின்றிருக்கக்கூடிய வழுக்கை மனிதரும் ஒரே ஆளா, இரண்டு ஆளா? மொத்தம் எத்தனை பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள்? அவருடைய மாணவர்தான் குருவின் முறையையே கையில் எடுத்துக்கொண்டு, கார்டில் எண்ணிலடங்காத உலகங்களைச் சேர்த்தவர். காரணமும் குருவின் காரணமேதான்: இவ்வளவு பலன் கிடைக்கிறது என்றால் பெயரைச் சேர்ப்பதுதான் நேர்மை. எதிர்வாதங்களுக்கெல்லாம் பதில் சொல்லிவிடலாம், நம்ப முடியாமல் வெறித்துப் பார்க்கும் அந்தப் பார்வைக்குத்தான் பதில் சொல்ல முடியாது என்று லூயிஸே ஒத்துக்கொண்டார். பொது அறிவோடு மோதுவது ஒரு செலவு என்று கணக்கில் எழுதிவிட்டு, அந்தச் செலவு தகும் என்றார். பெரும்பாலான சகாக்கள் தகாது என்றார்கள். அவரைப் படிக்காமல் மட்டும் யாரும் தாண்டிப் போகவில்லை.

சரி, இதற்கா சம்பளம்?

கேட்க வேண்டிய கேள்விதான், தத்துவக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். ருடால்ஃப் கார்னப் 1950-இல் எண்களின் மொழிக்குள் நின்றுகொண்டு ‘பகா எண் உண்டா’ என்று கேட்டால் பதில் உண்டு, வெளியே வந்து நின்று ‘எண்களே உண்டா’ என்று கேட்டால் அது கேள்வியே அல்ல, அந்த மொழியை வைத்துக்கொள்வது வசதியா என்பதுதான் கேள்வி என்றார். குவைன் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வழக்கு இன்றும் நடக்கிறது, மேலே பார்த்த தாமசன் கார்னப் கட்சிக்கு நெருக்கம்.

அன்றாட வேலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆய்வகம் இல்லை. ஒரு கட்டுரையைப் படித்து, அதில் எந்த வரி மற்ற வரியிலிருந்து உண்மையாகவே பின்தொடரவில்லை என்று கண்டுபிடிப்பது. கருத்தரங்கில் பேசி அடி வாங்குவது, திருத்தி எழுதி ஆய்விதழுக்கு அனுப்புவது, பெயர் தெரியாத இரண்டு பேர் நிராகரித்த காரணங்களைப் படித்துவிட்டு மறுபடி எழுதுவது. மிச்ச நேரம் பாடம் நடத்துவது, விடைத்தாள் திருத்துவது. முடிவு என்று வருவது பெரும்பாலும் ‘இது இருக்கிறது’ என்ற தீர்ப்பு அல்ல; ‘இதை ஏற்றால் இதையும் ஏற்க வேண்டும், அதை விட்டால் இதையும் விட வேண்டும்’ என்ற விலைப்பட்டியலில் ஒரு புதிய வரி.

நேரடிப் பயனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மருத்துவத் தகவல்களைக் கணினியில் சேர்த்து வைப்பவர்கள், ஒரு மருத்துவமனையின் பதிவும் இன்னொன்றின் பதிவும் பேசிக்கொள்ள வேண்டுமானால் எந்தெந்த வகைப் பொருள்கள் உண்டு என்று முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்காகப் பேரி ஸ்மித் என்ற தத்துவக்காரர் முன்னின்று உருவாக்கிய வகைப்பாடு 2021-இல் ஐஎஸ்ஓ தரமாகவே வந்துவிட்டது. அதில் சடப்பொருள் அல்லாத பொருள்களுக்கு என்று ஒரு பிரிவு இருக்கிறது. மூக்குத் துவாரத்தின் உள்வெளி, வாயின் உள்வெளி எல்லாம் அங்கே போகின்றன. ஓட்டைகளை ஒப்புக்கொள்ளாமல் காது மூக்கு தொண்டை மருத்துவம் பார்க்க முடியாது போல.

சென்னையில் இந்தப் படிப்புக்குப் பழைய வேர் உண்டு. ராதாகிருஷ்ணன் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, 1909-இல் மாநிலக் கல்லூரியில் பாடம் சொல்லத் தொடங்கியவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் டி. எம். பி. மகாதேவன் வளர்த்த தத்துவ உயராய்வு மையம் இன்று ராதாகிருஷ்ணன் பெயரில் இருக்கிறது. ஆனால் வேலை என்று கேட்டால் மழுப்பாமல் சொல்ல வேண்டும்: எம்.ஏ., நெட் தேர்வு, முனைவர் பட்டம் எல்லாம் முடித்த பிறகும் பணியிடங்கள் குறைவு. நம்மூர்க் கல்லூரிகள் பலவற்றில் தத்துவத் துறையே கிடையாது. வீட்டில் ஒரு பிள்ளை இதைப் படிக்கிறேன் என்றால் பயப்படுவது நியாயம், தடுப்பது வேறு விஷயம்.

‘எல்லாம் மாயை’ என்று முடித்துவிட முடியாதா?

இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் மணிமேகலையின் இருபத்தேழாம் காதையைப் புரட்டலாம். வஞ்சி நகரில் அவள் ஒவ்வொரு சமயவாதியாகப் போய் உங்கள் கணக்கில் உலகில் என்னென்ன உண்டு என்று கேட்டுக்கொண்டே போகிறாள். அதில் வைசேடிகம் என்ற தத்துவ மரபைச் சேர்ந்த வாதி பொருள், குணம், தொழில் என்று உள்ளவற்றை வகை பிரித்துச் சொல்கிறான். வான் இன்வேகனின் கேள்விகூட இங்கே பழசுதான். நூல்களுக்கு மேலாகத் துணி என்று தனியாக ஒன்று உண்டு என்று நியாயம் என்ற தர்க்க மரபினரும் வைசேடிகர்களும், நூல்கள்தான் உண்டு, முழுமை என்பது நம் கற்பிதம் என்று பௌத்தர்களும் பல நூற்றாண்டுகள் வாதாடினார்கள். இருபதாம் நூற்றாண்டில் கொல்கத்தாவில் அந்த நியாய மரபைப் படித்த பிமல் கிருஷ்ண மதிலால், ஹார்வர்டுக்குப் போய் நவீன தர்க்கமும் கற்று, இரண்டு மரபையும் நேருக்கு நேர் பேச வைத்தார். பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருந்தார்.

இவ்வளவு இருந்தும் நம்மூர் விவாதங்கள் பாதி நேரம் ‘எல்லாம் மாயைங்க’ என்ற ஒரு வரியில் முடிந்துபோகின்றன. அத்வைதிகள் அவ்வளவு எளிதாகச் சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் உலகம் முயல்கொம்பு மாதிரி அறவே இல்லாததும் அல்ல, பிரம்மம் மாதிரி என்றும் உள்ளதும் அல்ல. அன்றாட நடப்பில் மேஜை மேஜைதான், கயிறு வேறு, கயிற்றில் தெரிந்த பாம்பு வேறு. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் அந்தக் கொள்கையை எதிர்த்தபோது கோபப்பட்டு எதிர்க்கவில்லை, கணக்குக் கேட்டார். உலகம் அறியாமையால் தோன்றுகிறது என்கிறீர்களே, அந்த அறியாமை இருப்பது யாரிடம்? ஜீவனிடம் என்றால், ஜீவன் என்ற தனி ஆளே அறியாமையால் வந்தவன், அவன் வருவதற்கு முன்பே அறியாமை எங்கே இருந்தது? பிரம்மத்திடம் என்றால், அறிவே வடிவான ஒன்றில் அறியாமை எப்படி இருக்கும்? ஸ்ரீபாஷ்யத்தில் அவர் அடுக்கும் ஏழு ஆட்சேபங்களில் இது ஒன்று. அத்வைதிகளும் பின்னால் விரிவாகப் பதில் சொன்னார்கள், அவர்களுக்குள்ளேயே இந்தக் கேள்வியில் இரண்டு பிரிவாகவும் பிரிந்தார்கள்.

படித்துப் பார்க்க ஆசை வந்தவர்கள் குவைனிலிருந்து தொடங்க வேண்டாம், இருபது பக்கம்கூட வராத கட்டுரைதான் என்றாலும் முதல் தடவை கிண்டல் மட்டும்தான் பிடிபடும். லூயிஸ் தம்பதியின் ஓட்டை உரையாடலில் தொடங்குங்கள், அப்புறம் குவைன். மணிமேகலையை மட்டும் நல்ல உரை இல்லாமல் திறக்காதீர்கள், அந்தக் காதையில் வரிக்கு வரி கலைச்சொல்.